ஐந்தாவது ஆள்

"இன்னும் ஒரே ஒரு ஆள் வரணும். வந்துட்டா படத்தைப் போட்டுடுவேன். நாலு பேருக்கெல்லாம் போட முடியாதும்மா!" என்றார் லுத்விக், டிக்கெட் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.

தின்காராவின் ஊரான கோரிட்சா நகரத்தில் இரண்டே நாள் ஓடிய படம் அது. அந்த இரண்டு நாளும் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். இந்த மலையூரின் எழுபது நாற்காலித் தியேட்டரில் இன்று ஒரே ஒரு காட்சி. இதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, சோச்சா நதியோடு வளைந்து வளைந்து வரும் ரயிலில் முக்கால் மணி நேரம் வந்திருந்தாள்.

"நானே ரெண்டு டிக்கெட் எடுத்துக்கறேன். போடுங்களேன்!"

"டிக்கெட் கணக்கு இல்லம்மா. நாற்காலியில அஞ்சு தலை தெரியணும். தியேட்டர் நடத்துற சங்கத்தோட விதி."

அவளோடு அதே ரயிலில் வந்திருந்த மூன்று பேரும் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். சைக்கிளும் கையுமாக ஒரு கணவன் மனைவி. ஒரு பாட்டு வாத்தியார்.

"அப்ப மூணு பத்து ரயில்லயே திரும்பிட வேண்டியதுதான்," என்றார் வாத்தியார்.

"ஐயையோ, யாரும் போயிடாதீங்க! அந்த அஞ்சாவது ஆளை நான் கொண்டு வரேன்!"

ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி மூச்சு வாங்க வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"வா மய்தா, இன்னிக்கு உன்னைவிட்டா கதி இல்லை," என்றார் லுத்விக்.

அதற்குள் எதிர்க்கடை ரொட்டிக்காரர் ஸ்ரெச்கோ கை மாவைத் தட்டிக்கொண்டே வந்தார். "நான் வரேன். கடையைப் பையன் பாத்துக்குவான்."

தின்காராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மய்தா குறுக்கே வந்து நின்றாள்.

"நீயா? போன தடவை நீ விட்ட குறட்டையில கதாநாயகன் பேசினதே கேக்கலையாம். வீட்டுக்குப் போய்த் தூங்கு!"

"ஏய், அவனும் ஆளுதானே!" என்று லுத்விக் கத்தினார்.

"நீ சும்மா இரு!"

ஸ்ரெச்கோ முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். தின்காராவுக்குக் கோபம் பொங்கியது.

"வந்த ஆளையும் விரட்டிட்டீங்களே! நீங்களாவது உள்ள வந்து உட்காரலாமில்ல?"

"அஞ்சு மணிக்கு எனக்கு வேலை இருக்கும்மா. பாதிப் படத்துல எழுந்து ஓட முடியுமா?" என்ற மய்தாவின் கண்கள் தெருவைத் துழாவின. சர்ச் பக்கத்து பெஞ்சில் ஒருவன் முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், பாய்ந்து போனாள். தின்காராவும் பின்னாலேயே ஓடினாள்.

"தம்பி, உங்க பேரென்ன?"

"தாமியான்."

"ரயில்லயா வந்தீங்க?"

"ஆமா, மலையேற வந்தேன். மூணு பத்துக்குத் திரும்பணும்."

"அடடா! மூணு பத்துல போனா வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். ஆறு கண்ணுலயே படாது. அஞ்சு இருபதுல போங்க. கல்பாலத்து மேல போறப்ப தண்ணி பச்சையா நீலமான்னு நீங்க பக்கத்து ஆளோட சண்டையே போடலாம். அதுவரைக்கும் ஒரு நல்ல படம் பாருங்க."

"இந்த மாதிரிப் படமெல்லாம் எனக்குப் புரியாதுங்க. ஜன்னலையே பாத்துட்டு நிப்பாங்க, அழுவாங்க, முடிஞ்சிடும்."

"புரியாட்டி என்ன? நாற்காலி மெத்துன்னு இருக்கும், மலையேறின காலுக்கு இதமா இருக்கும். டிக்கெட் என் செலவு. வால்நட் ரொட்டியும் வாங்கித் தரேன்."

"வீட்டுல அக்கா காத்துட்டிருப்பாங்க..."

"அக்கா எங்கயும் ஓடிப்போயிட மாட்டாங்க. எழுந்திருங்க!"

"ப்ளீஸ்," என்றாள் தின்காரா.

தாமியான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பெருமூச்சு விட்டு எழுந்தான். மனம் மாறிவிடப் போகிறதே என்று மய்தா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். லுத்விக் ஐந்து தலைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்து விளக்கை அணைத்தார்.

படம் தின்காராவை அப்படியே விழுங்கிவிட்டது. சிரித்தாள், அழுதாள். திரும்பிப் பார்த்தால், புரியாது என்ற தாமியான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே தின்ன மறந்து உட்கார்ந்திருந்தான்.

வெளியே வந்தபோது மய்தாவைக் காணோம். நன்றி சொல்லக்கூட முடியவில்லையே என்று தின்காராவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

"தன்னால பாக்க முடியாட்டியும் நாலு பேர் பாக்கட்டும்னு இப்படி ஓடி ஓடி ஆள் பிடிக்கறாங்களே! இப்படியும் ஒரு சினிமாப் பைத்தியமா?" என்றாள், ஸ்டேஷனுக்கு நடக்கும்போது.

"தியேட்டர் வாசல்லயே சிலை வைக்கணும்," என்றார் வாத்தியார்.

ஐந்து இருபது ரயில் வந்து நின்றது. பெட்டி வாசலில் ரயில்வே அதிகாரி ஒருவர் காகிதமும் பேனாவுமாக நின்றார். ஒவ்வொருவர் டிக்கெட்டையும் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"என்ன கணக்கு சார் இது?" என்று கேட்டாள் தின்காரா.

"ஒரு மாசமா எண்ணிட்டிருக்கோம்மா, இன்னிக்குத்தான் கடைசி. இந்த வண்டியில தினமும் வெளியூர்க்காரங்க அஞ்சு பேராவது ஏறணும். உள்ளூர் ஆளுங்களைச் சும்மா ஏத்திவிட்டா செல்லாது. ஒரு ஆள் குறைஞ்சிருந்தாலும் ஸ்டேஷனை இழுத்துப் பூட்டியிருப்பாங்க. நல்லவேளை, பிழைச்சுது."

ரயில் கிளம்ப வேண்டிய நேரம். சிவப்புத் தொப்பி அணிந்த ஸ்டேஷன் மாஸ்டர், கொடிபோல் காட்டும் பச்சை வட்டத்தட்டை ஒரு கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணைத் துடைத்தபடி ஜன்னலருகே வந்தாள்.

"நல்லபடியாப் போயிட்டு வாங்கம்மா," என்றாள் மய்தா. "ஆமா, இன்னிக்கு அங்க என்ன படம்?"