அடித்துவிட்ட விடை

பெர்னிக் நகரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் மணி கெட்டு வருஷக்கணக்காகிறது. வருகிறவர்கள் தெருவில் நின்று கத்துவார்கள். வீட்டிலிருப்பவர்கள் பழைய காலுறைக்குள் சாவிக்கொத்தைப் போட்டு பால்கனியிலிருந்து வீசுவார்கள். ரலிட்சாவின் வீட்டுக்கு இருந்ததே ஒரு கொத்துதான்.

அன்று சாயங்காலம் மூன்றாம் மாடி பால்கனியில் உட்கார்ந்து அவள் பரீட்சைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறிந்த கல் எப்போது தரையைத் தொடும்? இரண்டு விடைகள் வந்தன: இரண்டு விநாடி, மைனஸ் ஒரு விநாடி. மைனஸ் என்றால் எறிவதற்கு முன்பே அது தரையில் இருந்தது என்று அர்த்தம். அப்படியெல்லாம் நடக்காது, அடித்துவிடு என்பார் வாத்தியார். அடித்தாள்.

"ரலிட்சா! சாவியப் போடும்மா!"

அப்பா. காலுறையை எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கையை ஓங்குவதற்குள் கீழே தொப்பென்று ஏதோ விழுந்தது. அப்பா குனிந்து ஒரு காலுறையை எடுத்தார், வாசல் கதவைத் திறந்தார், உள்ளே போனார்.

ரலிட்சாவின் காலுறை அவள் கையில்தான் இருந்தது. சாவியும் அதற்குள்தான் இருந்தது.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது.

"அப்பா வந்துட்டாரு பாரு, தட்ட எடுத்து வை" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

"அடியே, தூங்கிட்டியா? எவ்ளோ நேரம்தான் அண்ணாந்துட்டு நிக்கிறது? போடு!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

தெருவில் அப்பா இரண்டு கைகளையும் ஏந்தியபடி நின்றிருந்தார். ரலிட்சாவின் விரல்கள் காலுறையை விடவில்லை.

வீட்டுக் கதவின் பூட்டில் சாவி திரும்பியது.