எறிந்த பந்துக்கு ஆஃப்சைடு இல்லை

உடைமாற்றும் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். மேசைக்கு முன்னால் நடுவர், சன்னலடி பெஞ்சில் கோட்டு நடுவரான அவருடைய மருமகன், கதவோரம் ஸ்டூலில் அறிக்கை எழுத நான். வெளியே, தோற்ற அணியின் ஆட்கள் தகரக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசி நிமிடத்தில் அவர்கள் போட்ட கோலை நடுவர் ஆஃப்சைடு என்று ஊதிச் செல்லாததாக்கிவிட்டார். தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நிற்பவனுக்கு அவன் அணிக்காரன் பந்தை உதைத்தோ தலையால் முட்டியோ கொடுத்தால்தான் ஆஃப்சைடு. இந்தப் பந்தோ கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறியப்பட்டு நேரே அவனிடம் வந்தது. புதிதாக ஆட வருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் விதி. மருமகனின் விரல்கள் ஈரக் கொடியை முறுக்குகின்றன. "நடுவுல அவங்க ஆள் ஒருத்தன் தலையில பட்டுச்சுன்னு எழுதிடுங்க மாமா. யாரு பாத்தா?" "நீங்க பாத்தீங்களா மாப்ள?" மருமகன் எழுந்து மேசையருகே வருகிறார். "நிஜத்தை எழுதினா ஆட்டத்தைத் திரும்ப வைப்பாங்க. அடுத்த வாரம் ஃபைனலை உங்களுக்குத் தரமாட்டாங்க. இருபது வருஷமா காத்திருந்தீங்களே! கொடியைத் தூக்கினது நான்தானே?" "தூக்கினது நீங்க. விசில் யார் வாயில இருந்துச்சு, உங்க மாமியார் வாயிலயா?" மருமகன் சிரிக்கவில்லை. நடுவர் என் பக்கம் திரும்புகிறார். "எழுதுங்க சார். பந்து யார் மேலயும் படல. தப்பு என்னோடது." எழுதி நீட்டுகிறேன். மெதுவாகக் கையெழுத்திடுகிறார். உறையில் பசை தடவி ஒட்டுகிறேன். அவர் அதை வாங்கி, தாழ்ப்பாளை விலக்கி, கூச்சலுக்கு நடுவே நிற்கும் கால்பந்துச் சங்கத்து ஆளின் கையில் தானே கொடுக்கிறார்.