எழுபத்தொன்றாம் கட்டம்

கடற்கரை முழுவதையும் எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். நகரத்துக் கடற்கரையில் மணல் குறைந்தால், கடலுக்குள் இருக்கும் தடுப்புகளைக் கணினி திருப்பிவிடும். அலை வேறொரு கட்டத்தை அரித்து, அந்த மணலை இங்கே கொண்டுவந்து சேர்க்கும். எந்தக் கட்டம் என்பதற்கு ஒப்புதல் கொடுப்பது ஜெசிந்தாவின் வேலை. திரையில் ஊர்ப்பெயர் வராது. இந்த மாதம் கணினி எழுபத்தொன்றைக் கேட்டது, கொடுத்திருந்தாள்.

மதியம் ஊரிலிருந்து மிக்கேல் அண்ணன் கூப்பிட்டார்.

"கடல் ஏறிட்டு, ஜெசி. கல்லறைத் தோட்டத்துல பாதியக் காணோம். அம்மா கல்லறையும் போயிட்டு."

அண்ணனின் போன் இருக்கும் இடத்தைத் திரையில் தேடினாள். எழுபத்தொன்று என்று காட்டியது. ஒப்புதலை ரத்து செய்யப் பார்த்தாள். பணி முடிந்துவிட்டது என்று மட்டும் பதில் வந்தது.

"ஒரே வாரத்துல இவ்வளவு மண்ணும் எங்க போச்சுன்னே தெரியல," என்றார் அண்ணன்.

ஜன்னலுக்கு வெளியே, புதிதாக அகன்றிருந்த கடற்கரையில் குழந்தைகள் மணல்வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கதாண்ணே இருக்கு," என்றாள். "நான்தான் எடுத்தேன்."

போனில் கடலின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.