அண்ணனின் வயலின்

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருக்கிறது. போன வருடம் இறந்துபோன அண்ணனின் வயலினைத் தங்கை வாசிக்கிறாள். ஒரு சுரமும் பிசகவில்லை, ஒன்றிலும் உயிரில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. "பிடிக்கலைன்னா சொல்லிடும்மா. உங்கம்மாகிட்ட நான் பேசறேன்," என்கிறாள், குரலைத் தணித்து. சிறுமி வாசிப்பை நிறுத்தாமலே வாசல் பக்கம் பார்க்கிறாள். வெளியே பெஞ்சில் அம்மா கண்ணை மூடி, தலையை லேசாக அசைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். "வேண்டாம் மிஸ். வாரத்துல இந்த ஒரு மணி நேரந்தான் அம்மா அழாம இருக்காங்க." பாட்டு முடிந்து அறை சட்டென்று அமைதியாகிறது. வெளியே பெஞ்சிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. "இன்னொரு தடவை வாசிம்மா," என்கிறாள் டீச்சர், வேறு வழி தெரியாமல்.