ஞாயிறுதோறும் சறுக்கல்

“ஏங்க, இன்னைக்குமா?”

காலுறைமேல் காலுறையாக மூன்றாவது ஜோடியை மாட்டிக்கொண்டிருந்த ஸ்டோர் கீப்பர் தலை நிமிரவில்லை. “மேனேஜர் வாசல்ல வந்து நின்னுடுவார். கையுறை எங்கே?”

“சின்னவளுக்கு மூணு வாரமா இருமல். இந்தக் குளிர் ஒத்துக்கலை, தெற்கே கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் ரெண்டு தடவை சொல்லியாச்சு. நீங்க என்னடான்னா உறைஞ்ச ஏரியில சறுக்கி விளையாடக் கிளம்புறீங்க. உங்களுக்குக் குளிர் விட்டுப் போச்சு!”

“பயம் விட்டுப் போறதைத்தான் அப்படிச் சொல்வாங்க. எனக்கு ரெண்டுமே விடலை.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மாற்றல் மனு அவர் மேஜையில கிடக்கு. வருஷத்துக்கு ஒருத்தரைத்தான் இங்கேருந்து தெற்கே விடுவாங்க. யாருன்னு அவர்தான் எழுதணும். மனுஷன் பனிப் பைத்தியம். நான் மூஞ்சியைச் சுளிச்சா காரியம் ஆகுமா?”

“குழந்தைக்கு முடியலைன்னு வாயைத் திறந்து சொல்லிப் பாருங்களேன்.”

“வந்து நாலு மாசம் ஆகலை, அதுக்குள்ள மூக்கால அழறான்னு நினைப்பார். உனக்கு ஆபீஸ் தெரியாது.”

இந்த வடக்கு ஊருக்கு அவர் வந்து சேர்ந்த வாரம் மேனேஜர் கேட்டது ஒரே கேள்விதான்: “ஏரி உறைஞ்சிருக்கே, பார்த்தீங்களா?”

“போகலாமே சார்!” என்று இவர் முந்திக்கொண்டார். அன்று தொடங்கியது இந்தச் சறுக்கல். ஒரு ஞாயிறு ஏரி, மறு ஞாயிறு பனிக்குன்று.

இந்த ஞாயிறும் ஏரியில் ஸ்டோர் கீப்பர் நாலு முறை விழுந்தார். நாலு முறையும் “அருமை சார்!” என்றபடியே எழுந்தார். ஐந்தாவதாக விழுந்தவர் மேனேஜர்.

“ஆனைக்கும் அடி சறுக்கும் சார்” என்று கை கொடுத்துத் தூக்கியவர், மேனேஜரின் பாரம் கைக்குத் தெரிந்ததும், வேறு பழமொழி சொல்லியிருக்கலாமோ என்று தவித்துப்போனார்.

மேனேஜர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. “உங்களுக்கு அலுக்கவே இல்லையா?”

“இதுவா சார்? கொடுத்து வச்சிருக்கணும்!”

“குளிர்?”

“குளிரா? எங்கே சார்?” சொல்லி முடிப்பதற்குள் பல் கிட்டிவிட்டது.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்கு அழைத்தார். மேஜைமேல் மாற்றல் உத்தரவு, கையெழுத்தோடு. ஸ்டோர் கீப்பருக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

“வந்த புதுசுல மனு கொடுத்தீங்க. நானும் உங்க பேரைத்தான் முதல்ல எழுதி வச்சேன்” என்றார் மேனேஜர். “அப்புறம் பார்த்தா, இந்த ஊர்மேல உங்களுக்கு அப்படி ஒரு பிரியம்! மனுவைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுறீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். கவலையை விடுங்க. உங்க பேரை அடிச்சாச்சு.”

மேஜைமேல் இருந்த உத்தரவை எட்டிப் பார்த்தார் ஸ்டோர் கீப்பர். “அப்போ… தெற்கே போறது யாரு சார்?”

“நான்தான்.”

“நீங்களா? இந்தப் பனியை விட்டுட்டா?”

“அட, நீங்க வேற! எனக்குப் பனியைக் கண்டாலே ஆகாது. ஊருக்குப் புதுசு, ஆசையாக் கூப்பிடுறீங்க, தனியா விடக் கூடாதேன்னுதான் வாராவாரம் கூடவே வந்து விழுந்தேன்!”