ஆளில்லாத அறைக்கு ஒரு ஹீட்டர்

"அந்தப் போர்வையை யாருக்கு வேணும்னாலும் கொடுங்க. ஐர்லிஸுக்கு மட்டும் கொடுக்காதீங்க."

ஹெவின் பட்டென்று இப்படிச் சொன்னதும் சர்ச் ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நல்லவேளை, ஐர்லிஸ் அன்றைக்கு வரவில்லை.

குளிர்காலம் பிறந்தால் எங்கள் சர்ச்சுக்கு ஒரு மின்சாரப் போர்வை நன்கொடையாக வரும். தெருவில் யாருக்கு ரொம்பத் தேவையோ அவருக்குக் கொடுப்போம். அந்தக் கமிட்டியில் நானும் ஒருத்தி. வேண்டாத வேலைதான், யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர்கள் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

"ஏன் ஹெவின், அவளும் பென்ஷன்ல காலம் தள்ளுறவதானே?" என்றேன்.

"பென்ஷன்காரி செய்யற காரியமா அது, டெலித்? முன்னறை ஹீட்டரை விடிஞ்சதுலேர்ந்து எரிய விடறா. அந்த ரூம்ல ஈ காக்கா கிடையாது. பக்கத்து வீட்டுல இருக்கேன், எனக்குத் தெரியாதா? காசு என்ன மரத்துல காய்க்குதா?"

ஹெவின் சொன்னால் எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். போன குளிர்காலத்தில் நிமோனியா வந்து பிழைத்ததே பெரிய பாடு. "இன்னொரு தடவை நெஞ்சுல குளிர் இறங்கினா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டைக் கதகதப்பா வெச்சுக்கோங்க" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆனால் ஹீட்டர் போட அவருக்குக் கட்டுப்படியாகாது. யாராவது உதவி என்று போனால், "பிச்சை வாங்கற அளவுக்கு நான் இன்னும் போகல" என்று கதவைச் சாத்திவிடுவார். சூப் கொண்டு போன ஐர்லிஸுக்கும் அதே மரியாதைதான்.

அப்புறம் அவரே களத்தில் இறங்கினார். பழைய காலுறைக்குள் கந்தலை அடைத்துக் கதவிடுக்கில் போட்டார். ஜன்னலுக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். தபால் போடும் துவாரத்துக்குத் தடுப்பு வைத்தார். மெழுகுவத்தியும் கையுமாக வீடெல்லாம் சுற்றி, சுடர் எங்கே ஆடுகிறதோ அங்கே பஞ்சை வைத்து அடைத்தார்.

இந்த வருஷம் இதுவரை அவர் ஹீட்டரைத் தொடவேயில்லை. ஒரு இருமல் கூட இல்லை.

"ஊசி நுழையற ஓட்டை போதும், குளிர் குடும்பத்தோட வந்து குடியேறிடும்" என்று இப்போது எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறார். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறோம். வேறென்ன செய்ய, அவர் வீட்டுக்குள் போனால் நிஜமாகவே கதகதப்பாகத்தான் இருக்கிறது.

கடைசியில் போர்வை தெருமுனை மூட்டுவலிக்காரருக்குப் போனது. ஐர்லிஸிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கும் அவள்மேல் எரிச்சல்தான். வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிறவள் நான்.

போய்க் கதவைத் தட்டினேன்.

"வா கண்ணு, டீ போடறேன்" என்று நேரே பின்பக்கச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். போகிற வழியில் முன்னறைக் கதவிடுக்கிலிருந்து சூடு முகத்தில் அடித்தது.

சமையலறையோ ஐஸ்பெட்டி. ஜன்னலில் ஈரம் வழிந்துகொண்டிருந்தது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. ஐர்லிஸ் ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியும் மாட்டிக்கொண்டு, வெந்நீர்ப் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். கை விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

போர்வை விஷயத்தைச் சொன்னேன்.

"அதனால என்ன, பாவம் அவருக்குத்தான் வலி ஜாஸ்தி" என்றாள்.

"ஹெவின்தான் உனக்குக் கொடுக்கக் கூடாதுன்னுட்டார்."

"சொல்லுவார், சொல்லுவார்" என்று சிரித்தாள். "தெருவே என்னை ஊதாரிங்குதாமே?"

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் முன்னறைக் கதவைத் திறந்தேன். சோபாவையும் அலமாரியையும் இந்தப் பக்கம் தள்ளிவிட்டு ஒரு சுவரை மட்டும் மொட்டையாக விட்டிருந்தாள். அந்தச் சுவரை ஒட்டி ஹீட்டர் தகித்துக்கொண்டிருந்தது. சுவரைத் தொட்டேன், சுட்ட ரொட்டி மாதிரி இருந்தது.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்தியேவிட்டேன். "நீ அங்க விறைச்சுக்கிட்டுக் கிடக்கறே, இங்க வெறும் சுவர் குளிர் காயுது. அந்த ஹீட்டரைச் சமையலறைக்கு இழுத்துட்டுப் போனா உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

ஐர்லிஸ் பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாடி. சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஹெவினோட கட்டில். எல்லாம் தன்னோட காலுறை மகிமைன்னு நெனச்சுக்கிட்டு மனுஷன் இருமாமல் தூங்கறார், கெடுத்துடாதே."