எழுநூறு பார்

தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இமொஜன் வடிவமைத்த வால்வு சோதனை மேடையில் இருந்தது. போன மாதம் கல்கூர்லி சுரங்கத்தில் இதே ரக வால்வு மாட்டிய இடத்தில்தான் எண்ணெய் பீறிட்டு ஓர் ஆள் செத்துப் போனான்.

"அழுத்தம் ஐநூறு பார். ஒரு சொட்டுகூடக் கசியல," என்றார் சோதனை நடத்தும் நெவ்.

"இன்னும் ஏத்துங்க."

"சுரங்கத்துல ஓடுறதே முந்நூறுதானேம்மா?"

"ஏத்துங்க, நெவ்."

அறுநூறு. எழுநூறு. வால்வு அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம்..."

"வால்வு தாங்கும், என் பம்பு தாங்காது தாயே!" நெவ் சிரித்தபடி அழுத்தத்தை இறக்கினார்.

பக்கத்தில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த விசாரணை அதிகாரி ஃபைலை மூடினார். "நிம்மதியா வீட்டுக்குப் போங்க மேடம். உங்க டிசைன்ல குறையே இல்ல. மாட்டினவன் நட்டைச் சரியா முறுக்கல. பாவம், செத்ததும் அவனேதான்."

இமொஜன் தலையாட்டினாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நெவ் கொடுத்த காபியை ருசி தெரியாமல் குடித்து முடித்தாள்.

காரில் ஏறியதும் அம்மாவின் போன் வந்தது.

"என்னடி சொன்னாங்க? செத்துப்போன உன் தம்பி மேலயா பழி போடுறாங்க? ரீஸ் அரைகுறையா வேலை பாக்குற பிள்ளையாடி?"

இமொஜனுக்கு அழுகை வரவில்லை. குரல்கூட நடுங்கவில்லை.

"இல்லம்மா. அவன் சரியாத்தான் மாட்டியிருக்கான். என் வால்வுதான் உடைஞ்சிருக்கு. தப்பு என்னோடதும்மா."